வாவியும் பாலையும்: மட்டக்களப்பின் வெளிநாட்டு உழைப்பும் நமது விமரிசனத்தின் எல்லையும்

1994ஆம் ஆண்டு எஸ். பொன்னுத்துரையும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்தளித்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதிக்குப் 'பனியும் பனையும்' என்று பெயரிடப்பட்டது. ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நிலப்பரப்புகளில் வாழத் தலைப்பட்ட ஈழத்தமிழரின் எழுத்தை ஒருமுகமாகத் திரட்டிக் காட்டிய முதன்மையான முயற்சி என்ற வகையில் அத்தொகுதிக்கு உரிய இடத்தை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் தலைப்பு ஒரு நூலின் தலைப்பாக மட்டும் நின்றுவிடவில்லை. அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் 'புலம்பெயர் இலக்கியம்' என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே நமது மனத்தில் எழும் படிமமாகவும் அது ஆகிவிட்டது. பனி என்பது பாரிசும் பேர்ளினும் ரொறன்ரோவும். பனை என்பது யாழ்ப்பாணம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே புலப்பெயர்வின் தூரம் என்றாயிற்று.

இத்தலைப்பைச் சூட்டியவர்களுள் ஒருவரான எஸ்.பொ. யாழ்ப்பாணத்திற் பிறந்தவராயினும், மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராக வாழ்ந்தவர். பின்னர் நைஜீரியாவிற் கற்பிக்கச் சென்றவர். தென்னையும் நெல்லும் சூழ்ந்த வாவிக்கரையையும், பனி விழாத அந்நிய தேசமொன்றையும் அவர் நேரிற் கண்டவர் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. அங்ஙனமிருந்தும் தலைப்பு அவ்வாறே அமைந்தது. இதனைத் தனிமனிதர் ஒருவரின் மறதி என்று கொள்வது பொருந்தாது. எழுதும் வாய்ப்பும் அச்சிடும் வாய்ப்பும் எவ்வர்க்கத்தவரிடம் இருந்தனவோ, அவ்வர்க்கத்தவரின் பயணமே பயணத்தின் பொதுவடிவமாகத் தோற்றம் பெற்றது என்பதே சரியான விளக்கமாகும். கருத்துநிலை என்பது பொய் சொல்வதன்று. ஒரு பகுதியை முழுமையாகக் காட்டுவதே அதன் வேலை.

விடுபட்ட பகுதி யாது? 1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளிற் பெருகிய செல்வமும், 1977இல் இலங்கையிற் புகுத்தப்பட்ட திறந்த பொருளாதாரக் கொள்கையும் சேர்ந்து ஒரு புதிய தொழிற்சந்தையை உருவாக்கின. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இவ்வழியே நாட்டைவிட்டுச் சென்றோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேற்பட்டோர் பெண்கள். அவர்களுட் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையின் மீனவர் குடியிருப்புகளிலும் நெசவுக் கிராமங்களிலும், படுவான்கரையின் வயற்கிராமங்களிலும், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், 'வெளிநாட்டுக்குப் போன' ஒரு பெண் இல்லாத ஒழுங்கையைக் காண்பது அரிதாயிற்று.

ஐரோப்பாவுக்கான பயணமும் அரபு நாட்டுக்கான பயணமும் ஒரே போரின் இரு கிளைகள் போலத் தோன்றினும், அவற்றின் பொருளாதார அடித்தளம் வேறு. முன்னையதற்கு முகவருக்குக் கொடுக்கப் பல இலட்சம் தேவை; ஈடுவைக்கக் காணியும் நகையும் தேவை; ஏற்கெனவே அங்கு சென்றுவிட்ட உறவினர் தேவை. இவை யாதுமற்றவளுக்குத் திறந்திருந்த வாயில் பின்னையதே. அங்கே எசமானே விமானச்சீட்டை வாங்குகிறான். அதன் விலையாகக் கடவுச்சீட்டைத் தன் அலுமாரியிற் பூட்டிவைத்துக்கொள்கிறான். கஃபாலா எனப்படும் பொறுப்பாளர் முறையின் சாரம் இதுவே. முன்னையவர் அகதி, காலப்போக்கிற் குடியுரிமை பெறக்கூடியவர். பின்னையவர் இரண்டாண்டு ஒப்பந்தக் கூலி. எத்தனை முறை சென்றாலும் அந்நாட்டிற் குடியாக முடியாதவர். எனவே, புலம்பெயர் இலக்கியத்தின் மையவுணர்வுகள் என நாம் பட்டியலிடும் ஊர்நினைவு, அடையாளச் சிக்கல், இரண்டாந் தலைமுறையின் மொழியிழப்பு ஆகியவற்றைக் கொண்டு இவளது அனுபவத்தை அளக்க முற்படுவது வீண். அவளது பிரச்சினை கூலி ஒழுங்காகக் கிடைத்ததா, ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே விட்டார்களா, அனுப்பிய பணம் எதற்குச் செலவாயிற்று என்பனவேயாகும். இவை இலக்கியத்துக்கு உதவாத கணக்குகள் என்று எண்ணுவோர் சங்கப் பாலைப்பாட்டுகளைச் சரியாகப் படிக்காதவர்கள்.

ஏனெனில், தமிழிலக்கிய மரபில் வெளியூர் சென்று பொருளீட்டும் வாழ்வுக்கு மிகத் தொன்மையான ஒரு வடிவம் உண்டு. பொருள்வயிற் பிரிவு பாலைத்திணையின் உரிப்பொருளைச் சார்ந்தது. தலைவன் சுரங்கடந்து, மொழி வேறுபட்ட தேசங்களுக்குச் செல்கிறான். தலைவி இல்லிலிருந்து நாளெண்ணுகிறாள். அகநானூற்றின் பாலைப்பாட்டுகளில் உப்பு வணிகரும் வழிப்பறி செய்வோரும் வறண்ட கிணறுகளும் இடம்பெறுவது வெறும் அணியலங்காரத்துக்காக அன்று. பிரிவின் பொருளாதாரம் பாட்டினுள்ளேயே பேசப்படுகிறது. திணைக்கோட்பாட்டின் சமூக அடித்தளத்தை நோக்கி நம்மைத் திருப்பியவர்களுள் கா. சிவத்தம்பி தலையாயவர். அவர் காட்டிய வழியிலே நின்று நோக்குமிடத்து, மட்டக்களப்பின் அனுபவம் இம்மரபை அடியோடு தலைகீழாக்கியுள்ளமை தெளிவாகும்.

தொல்காப்பியர் அகத்திணையியலிற் கடல்வழிச் செலவு பெண்ணொடு இல்லை என விதி செய்கிறார். தலைவன் தலைவியை உடன்கொண்டு கலத்திற் பிரிதல் வழக்கமன்று என்பர் உரைகாரர். பெண் தானே தனித்துக் கடல் கடத்தலை அவர் விலக்கவுமில்லை. அப்படியொன்று நிகழக்கூடும் என்று நினைக்கவுமில்லை. இரண்டாயிரம் ஆண்டுகட்குப் பின்னர் வாவிக்கரையிலிருந்து பொருள்வயிற் பிரிந்தவள் தலைவி. இல்லிலிருந்து நாளெண்ணியவன் தலைவன். அல்லது நாளெண்ணாமற் குடித்தவன். பாலை என்பது தனக்கென நிலமில்லாதது, முல்லையும் குறிஞ்சியும் தம்மியல்பு திரிந்தவிடத்துத் தோன்றுவது என்னும் சிலப்பதிகாரக் கருத்தை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். நீலாவணனின் 'வேளாண்மை' காவியம் (அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின், 1982இல் நூலாயிற்று) காட்டும் மருதவாழ்வும், வாவியை நம்பிய நெய்தல் வாழ்வும் போராலும் கடனாலும் இயல்பு திரிந்தபோது மட்டக்களப்பிலும் ஒரு பாலை பிறந்தது. அதன் மணல் மட்டும் றியாத்திலும் குவைத்திலும் இருந்தது.

இத்தலைகீழாக்கத்துக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. மட்டக்களப்புப் பிரதேசத்தின் குடிமுறை தாய்வழிப்பட்டது. 'வயித்துவார்' என்னும் சொல்லே அதனை உணர்த்தும். வி.சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலில் (1964) இக்குடிமரபை விரித்துரைத்தார். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்ட டெனிஸ் மக்கில்வ்றேயின் மானிடவியல் ஆய்வு (2008) தமிழர், முஸ்லிம் இருசாராரிடமும் திருமணத்தோடு வீடு பெண்ணுக்குச் செல்வதை நுணுக்கமாகக் காட்டியது. மாப்பிள்ளை பெண்வீட்டிற் குடியேறுவான். ஆகவே மகளொருத்தி பிறந்தவுடனேயே வீடொன்றைக் கட்டவேண்டிய கடமையும் பிறந்துவிடுகிறது. முன்னர் அது களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீடாக இருக்கலாம். எண்பதுகளின் பின்னர் கல்வீடு இன்றி மாப்பிள்ளை இல்லை என்றாயிற்று. வயலும் தோணியும் தரும் வருமானத்தில் சீமெந்தும் கம்பியும் ஓடும் வாங்க இயலாது. தாய்வழிச் சொத்துரிமை பெண்ணுக்கு அளித்த மதிப்பே, முதலாளித்துவச் சந்தையின் கீழ், அவளை அந்நியன் வீட்டுச் சமையலறைக்கு அனுப்பும் நிர்ப்பந்தமாகத் திரிந்தது. மரபான நிறுவனமொன்று அழியாமலே எதிர்மறையாகும் இந்த இயக்கவியல், நாவலாசிரியன் ஒருவனுக்கு எத்தகைய கருப்பொருள்! நமது நாவலாசிரியர் அதன் வாசலில் நின்று திரும்பிவிட்டனர் என்றே கூறவேண்டியுள்ளது.

பிரிவின் மறுமுனையில் வேறொரு பெண்ணுழைப்பும் உண்டு. குவைத்திலே பிறர் பிள்ளையைக் குளிப்பாட்டுபவளின் சொந்தப் பிள்ளையை வாவிக்கரையில் அம்மம்மா வளர்க்கிறாள். முன்னையது கூலியுழைப்பு; பின்னையதற்குக் கூலியில்லை. அக்கூலியற்ற உழைப்பு இல்லையேல் கூலியுழைப்பு விமானமேறியிருக்க முடியாது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் அம்மம்மாவுக்கு வரியேதுமில்லை.

இப்பொருளின் ஆழத்தை உணர ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 1990 ஓகஸ்ட். அம்மாதம் 2ஆந் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்தினுட் புகுந்தன. குவைத்திலும் ஈராக்கிலும் அப்போது ஏறத்தாழ ஒரு இலட்சம் இலங்கையர் தொழில் செய்துகொண்டிருந்தனர். அவர்களுட் பெண்களே அதிகம். எசமானர் பலர் தப்பியோடினர். பணிப்பெண்கள் பூட்டிய வீடுகளில் விடப்பட்டனர், அல்லது பஸ்களில் ஏறி ஈராக்கினூடே ஜோர்தானிய எல்லைப் பாலைவனத்துக் கூடாரங்களை அடைந்தனர். சேமித்த தினாரின் பெறுமதி ஒரேநாளில் கலைந்தது. மறுநாள், ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப்புலிகளாற் சுட்டுக்கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆந் திகதி வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோரில் 158 பேர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். அம்மாதம் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டனர்.

அந்த ஐந்து வாரங்களில் மட்டக்களப்பைச் சேர்ந்த பணிப்பெண்ணொருத்தியின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். அவள் இருக்குமிடத்திலும் போர். அவள் திரும்பவேண்டிய இடத்திலும் போர். ஊரிலிருப்போர் அவள் இறந்துவிட்டாளோ என அஞ்ச, அவள் ஊரிலிருப்போர் இறந்துவிட்டனரோ என அஞ்சிய காலம் அது. இரு அச்சங்களுக்கும் பதில் சொல்லக் கடிதமில்லை, தொலைபேசியில்லை. 'பாதுகாப்பான அந்நியம் எதிர் ஆபத்தான தாயகம்' என்னும் இருமையின்மேலேயே ஐரோப்பியப் புலம்பெயர் எழுத்துப் பெரிதும் கட்டப்பட்டுள்ளது. ஓகஸ்ட் 1990 அவ்விருமையை உடைத்தெறிகிறது. வடகிழக்கின் போர்க்கவிதை அதற்கு முன்னரே 'மரணத்துள் வாழ்வோம்' (1985) போன்ற தொகுதிகளின் வழியே வலுவானதொரு மொழியைப் பெற்றிருந்தது. ஆனால் அம்மொழியின் பேசுநன் மண்ணில் நிற்பவன். இரண்டு மண்ணிலும் நிற்கவியலாதவளின் நிலையை உரைக்க அம்மொழி போதுமானதாக இருக்கவில்லை.

இன்னொன்றையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். போரின் பின்னர் 1991இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நட்டஈட்டு ஆணைக்குழுவொன்றை அமைத்தது. குவைத்தையும் ஈராக்கையும் விட்டு வெளியேற நேர்ந்தோர், முதலாம் பிரிவின்கீழ் நிர்ணயிக்கப்பட்ட தொகையைக் கோரலாம். இலங்கையின் கிராமங்களிலிருந்து பல்லாயிரம் விண்ணப்பப் படிவங்கள் ஜெனீவாவுக்குச் சென்றன. பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வெளியேறிய திகதி, எல்லை கடந்த இடம். எனது கருத்தில், இப்பணிப்பெண்கள் தம்மைப்பற்றி எழுத்தில் விட்டுச்சென்ற மிகப்பெரிய ஆவணத்தொகுதி இதுதான். எமது இலக்கியம் அவர்களிடம் கேளாத கேள்வியைப் படிவம் கேட்டது: நீ எப்போது புறப்பட்டாய், எவ்வழியே வந்தாய்? படிவத்துக்குப் பதில் சொன்னால் பணம் கிடைத்தது என்பது உண்மையே. ஆனாற் கேள்வி கேட்கப்பட்டது என்பதும் உண்மை.

ஈழத்தெழுத்தில் பணிப்பெண் அறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. நாளிதழ்களின் வாரமலர்களிலும் வானொலி நாடகங்களிலும் அவள் அடிக்கடி வருவாள். எவ்வாறு வருகிறாள் என்பதே வினா. மனைவி வெளிநாட்டில் உழைக்கிறாள், கணவன் அப்பணத்திற் குடித்து வேறொருத்தியை நாடுகிறான், பிள்ளைகள் சீரழிகின்றனர், அவள் திரும்பிவந்து வெறும் முற்றத்தில் நின்று அழுகிறாள். இந்தக் கதைச்சட்டகம் அனுதாபத்தின் தோற்றத்தோடு ஒரு தண்டனையை வழங்குகிறது. போகாமல் இருந்திருந்தால் இவ்வாறு நேர்ந்திராது என்பதே அதன் உட்கிடை. போகாமலிருந்தால் எதைத் தின்றிருப்பாள் என்ற வினாவுக்குக் கதையில் இடமில்லை. இங்கே பொருளியற் பிரச்சினையொன்று ஒழுக்கப் பிரச்சினையாக மொழிபெயர்க்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டு அரசாங்கம் 'குடும்பப் பின்னணி அறிக்கை'யைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப்பணிக்குச் செல்வதைத் தடுத்தபோது, அந்த நிருவாகச் சிந்தனைக்கும் இச்சிறுகதைச் சிந்தனைக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவாகவே இருந்தது. தந்தையருக்கு அத்தகைய அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை.

மற்றொரு வகை எழுத்து, மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் தொடர்பாக எழுந்த கவிதைகள். 2005இற் சவூதி அரேபியாவுக்குச் சென்றபோது அவருக்குப் பதினேழு வயது. கடவுச்சீட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. அவரது பொறுப்பிலிருந்த கைக்குழந்தையின் மரணத்துக்காக 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆந் திகதி அது நிறைவேற்றப்பட்டது. இதையடுத்துத் தமிழிற் கவிதைகள் பெருகின. அவற்றின் துயரம் போலியானதன்று. எனினும் பெரும்பாலானவற்றில் அவர் பலியாட்டுக் குட்டியாகவும், சிறகொடிந்த பறவையாகவும், சொர்க்கத்து மலராகவுமே உருக்கொண்டார். தொழிலாளியாக அல்ல. பயிற்சியேதுமற்ற சிறுமியொருத்தியிடம் சமையலும் துப்புரவும் பாலூட்டலும் ஒருசேரச் சுமத்தப்பட்ட வேலைநாள், அவ்வேலையை ஏற்கத்தூண்டிய வீட்டு வறுமை, வயதை மாற்றிய தரகு வணிகம் ஆகியன கவிதைக்கு வெளியே நின்றன. சிலர் அந்நாட்டின் மதத்தைச் சாடினர். சிலர் அதற்கெதிராக மதத்தைக் காத்தனர். இருசாராரும் மதத்தையே பேசினர், கூலியைப் பேசினாரில்லை. 1888இல் மார்கரெட் ஹார்க்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், யதார்த்தவாதம் என்பது விவரங்களின் உண்மையோடு, வகைமாதிரியான பாத்திரங்களை வகைமாதிரியான சூழலில் வைத்துக்காட்டுவதையும் வேண்டிநிற்கும் எனக் கருதினார். றிசானா கவிதைகளில் பாத்திரம் உண்டு, சூழல் இல்லை. சூழலிழந்த பாத்திரம் படிமமாகிவிடுகிறது. படிமத்துக்காக அழுதுவிட்டு நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.

பிறமொழியிலும் தமிழகத்திலும் வளைகுடா வாழ்வு நாவலாகியுள்ளது. மலையாளத்திற் பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' (2008) பரவலாக வாசிக்கப்பட்டது. தமிழில் மீரான் மைதீனின் 'அஜ்னபி' சவூதியிலுள்ள தொழிலாளரின் உலகைக் காட்டியது. எனினும் இவை ஆண்களின் வளைகுடா. அங்கே பாலைவனம் திறந்து கிடக்கிறது. அறையிற் கூடவசிக்கும் தோழர் உளர். தப்பியோட ஒரு திசையாவது உண்டு. பணிப்பெண்ணுக்குப் பாலைவனமே தெரியாது. அவளது வளைகுடா ஒரு சமையலறை, ஒரு மாடிப்படி, துணி உலர்த்தும் மொட்டைமாடி. சக தொழிலாளி இல்லை, சங்கம் இல்லை, வேலைநேரத்துக்கு முடிவில்லை.

நமது முற்போக்கு விமரிசனம் தன்னைத் தானே நோக்கவேண்டிய இடமும் இதுதான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் உருவான நமது யதார்த்தவாதக் கோட்பாடு, கூட்டாகத் திரளும் உழைப்பாளியை மனத்திற்கொண்டு அமைந்தது. செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' (1965), டானியலின் 'பஞ்சமர்' (1972) ஆகியவற்றை மதிப்பிட அது நல்ல கருவியாக விளங்கியது. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) இன்றும் எமக்கு ஆசானே. ஆனால் திரளவே முடியாத உழைப்பாளியை, தன் வேலைத்தலத்தில் ஒருத்தியாகவே பூட்டப்பட்டவளை எதிர்கொண்டபோது அக்கருவி வெட்கத்தோடு கையைச் சுருக்கிக்கொண்டது. போராட்டம் எங்கே என்று நாம் தேடினோம். காணாதபோது 'இது குடும்பக் கதை' என ஒதுக்கினோம். வீட்டுவேலையை உழைப்பென்று கணிக்கத் தயங்கியது பூர்ஷுவாப் பொருளியல் மாத்திரமன்று, நாமும்தான். எஸ்.பொ.வின் தலைப்பைக் குறைகூறத் தொடங்கிய நான் எமது அணியின் மௌனத்தை மறைப்பது நேர்மையாகாது. அவர் இப்பெண்ணைத் தலைப்பில் விட்டுவிட்டார். நாம் கோட்பாட்டில் விட்டுவிட்டோம். இதில் எது பெரிய தவறென்று எனக்கு ஐயமில்லை.

2019 முதல் 2022 வரையான ஆண்டுகள் இப்பிரச்சினையை மீண்டும் கூர்மையாக முன்வைத்தன. லெபனானில் 1997 முதல் டொலருக்கு ஏறத்தாழ 1,500 பவுண் என நிலைநிறுத்தப்பட்டிருந்த நாணயம், 2019 ஒக்டோபர் மக்கள் எழுச்சியின் பின் சரியத்தொடங்கி 2023ஆம் ஆண்டளவில் தன் பெறுமதியில் 98 சதவீதத்தை இழந்தது. அதற்கிடையே கொவிட் முடக்கம். 2020 ஓகஸ்ட் 4ஆந் திகதி பெய்ரூத் துறைமுக வெடிப்பு. டொலரிற் கூலிபெற்ற பணிப்பெண்களுக்கு எசமானர் உள்ளூர்ப் பணத்தைக் கொடுத்தனர், பலர் கொடுக்கவேயில்லை, சிலர் பெண்களைக் கொண்டுவந்து தூதரக வாயில்களில் இறக்கிவிட்டுச் சென்றனர். அங்கு நிகழ்ந்தது நடுத்தர வர்க்கத்தின் வீழ்ச்சி. அதன் பாரம் அவ்வர்க்கத்தின் சமையலறையில் நின்றவள்மேல் முதலில் விழுந்தது.

அதேவேளை ஊரில் நடந்ததென்ன? 2021 மே மாதம் இரசாயன உரஇறக்குமதி தடைசெய்யப்பட்டதால் பெரும்போக வயல்கள் மஞ்சளித்தன. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தன. டொலரொன்றுக்கு 200 ரூபா அளவில் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த நாணயமாற்று விகிதம் மார்ச்சில் தளர்த்தப்பட்டதும் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

இவ்விரு சரிவுகளுக்கும் இடையே நின்று ஒரு பெண் மாதந்தோறும் செய்த கணக்கை வெறும் எண்கணிதம் என்று கொள்வது பிழை. வங்கியூடாக அனுப்பினால் டொலருக்கு 200. உண்டியல்காரனிடம் கொடுத்தால் அதனினும் கூட. நாடு டொலரின்றித் தவிக்கிறது, வங்கியூடாக அனுப்புங்கள் என அமைச்சர்கள் மன்றாடினர். அவளது மகளோ நுண்கடன் நிறுவனத்துக்குக் கிழமைத் தவணை கட்டவேண்டும். உத்தியோகபூர்வ வழியில் வந்த பணம் 2020இல் 710 கோடி டொலராக இருந்து, 2022இல் 379 கோடியாகச் சரிந்தது. இதனைத் தேசத்துரோகம் என்றோர் உளர். என் நோக்கில், அதிகாரமும் சங்கமும் வாக்குரிமையும் அற்ற ஒரு தொழிலாளர் கூட்டம் தன்னையறியாமலே நடத்திய மிகப்பெரிய ஒத்துழையாமை இதுவாகும். போராட்டம் எங்கே என்று தேடிய எமது விமரிசனத்துக்கு இதோ போராட்டம். ஆனால் அது கொடியோ கோஷமோ இன்றி நாணயமாற்று விகிதத்தின் வடிவில் வந்தது. அதைக் காலிமுகத்திடலிற் கூடாரமிட்டோர் பற்றிய கவிதைகளோடு ஒப்பிட்டு எழுத எவரும் முன்வரவில்லை. அவ்வாண்டு மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழில்தேடி நாட்டைவிட்டுச் சென்றனர். ஒன்பது ஆண்டுகளாகத் தாய்மையின் பெயரால் காக்கப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கையும் டொலர் தேவைப்பட்டபோது தளர்த்தப்பட்டது. தாய்மையின் மாற்றுவிகிதமும் மிதக்கவிடப்பட்டது போலும்!

இவ்வனுபவத்துக்குரிய இலக்கிய வடிவம் யாது என்ற வினா எஞ்சுகிறது. நாவலே தகுந்த வடிவம் என்று முன்னர் நான் எண்ணியதுண்டு. இப்போது அத்துணை உறுதியில்லை. நாவல் நீண்டகால எழுத்தோய்வை வேண்டுவது. பாத்திரங்கள் ஒருவரையொருவர் காணும் சமூகவெளியை வேண்டுவது. இங்கே இரண்டுமில்லை. மறுபுறத்தில், கிழக்கிலங்கையில் பெண்களின் வாய்மொழி வடிவமொன்று வலுவோடு இருந்துவந்துள்ளது. முஸ்லிம் பெண்களிடையே 'கவி' என வழங்கும் நான்கடிப் பாட்டில் தூதும் ஏக்கமும் எள்ளலும் பேசப்படும். அனார் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' (2013) கிழக்கிலங்கை நாட்டார் காதற்பாடல்களை நமக்கு மீட்டுத்தந்தது. அப்பாடல் மரபில் வரவுக்குக் காத்திருப்பவள் பெண். அவளே புறப்பட்டுவிட்டபின் அம்மரபுக்கு என்ன நேர்ந்தது? கேரளத்து மாப்பிளப்பாட்டு மரபில் எழுபதுகளில் எஸ்.ஏ. ஜமீல் இயற்றிப் பாடிய 'துபாய்க் கடிதப்பாட்டு' வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி விடுக்கும் கடிதமாக அமைந்து, ஒலிநாடாவின் வழியே அக்கடலின் இருகரையிலும் பரவியது. பழைய வடிவம் புதிய தொழினுட்பத்தையும் புதிய பிரிவையும் உண்டு வளர்ந்ததற்கு அது சான்று.

நமக்கும் ஒலிநாடா இருந்தது. எழுதப் பழகாதவளும், எழுதினால் எசமானி பிரித்துப் பார்ப்பாள் என அஞ்சியவளும் கசெற்றிற் பேசி, ஊருக்குத் திரும்புவோரின் கையிற் கொடுத்தனுப்பினர். இக்கட்டுரையாளரின் சின்னம்மா ஒருவர் குவைத்திலிருந்து அனுப்பிய நாடாவொன்றைச் சிறுவயதிற் பலமுறை கேட்டதுண்டு. முதலில் ஒவ்வொருவராகப் பெயர்சொல்லிச் சுகம் விசாரிப்பார். பின்னர் அரிசி என்ன விலை, சீமெந்து எத்தனை பக்கற் வாங்கினீர்கள், அத்திவாரம் போட்டாயிற்றா எனக் கேட்பார். இடையிலே எசமானின் குழந்தை அழும். பேச்சு நின்று அரபியிற் சில சொற்கள் கேட்கும். நாடா சற்றுநேரம் வெறுமனே ஓடும். அந்த வெற்றோட்டத்தை வீட்டில் எவரும் விரைவாகச் சுற்றவிடமாட்டார்கள். விலையும் அத்திவாரமும் அழுகையும் மௌனமும் ஒரே ஓட்டத்தில் அமைந்த அவ்வுரை, நான் பின்னர் படித்த எந்தப் பணிப்பெண் சிறுகதையைக் காட்டிலும் யதார்த்தம் மிக்கது என்று துணிந்து கூறுவேன்.

2004 டிசெம்பர் 26இற் கடல் புகுந்த கிராமங்களில் இத்தகைய நாடாக்கள் போய்விட்டன. படுவான்கரையில் இடம்பெயர்வுகளின்போது பல தொலைந்தன. எஞ்சியவை அலுமாரிகளின் மேல் பிஸ்கற் தகரங்களிற் கிடக்கின்றன. வாவிக்காற்றின் ஈரலிப்பில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. எங்கள் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகள் நாட்டார் பாடல்களையும் கூத்துப் பிரதிகளையும் திரட்டிய அதே ஒழுங்கோடு இவற்றையும் திரட்டவேண்டும். பேசியவரின் சம்மதத்தோடும், வேண்டியவிடத்துப் பெயரை மறைத்தும். சின்னம்மாவின் நாடாவை அண்மையில் மீண்டும் போட்டுப் பார்த்தேன். முதற்பக்கத்தில் பதினொரு நிமிடம் தெளிவாக இருக்கிறது. மறுபக்கத்தில் யாரோ பின்னர் சினிமாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டிருக்கிறார்கள்.